பீரோவுல இருக்கிற பொருளும் புள்ளைங்க கேக்குற கேள்வியும்: தருமபுரி மாவட்ட கல்வி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், வட்டாரக் கல்வி அலுவலர்கள், வட்டார வள மையத்து மேற்பார்வையாளர்கள், ஆசிரியர் பயிற்றுநர்கள் எல்லாருக்கும் வணக்கங்க.

நான் பென்னாகரம் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில 6, 7, 8 வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற டீச்சர். என் பேர போட்டா பள்ளிக்கூடத்து பேரு, ஊரு பேரு எல்லாம் சேர்ந்து வரும், புள்ளைங்களயும் அது தொடும், அதனால போடல. புகார் சொல்ல எழுதல, ஒரு விஷயம் கேக்கணும், அதையும் எல்லா டீச்சரும் படிக்கிற மாதிரி வெளிப்படையா கேக்கணும்னு தான் திறந்த மடலா எழுதுறேன்.

புள்ளைங்க கேள்வி கேட்டு, தேடி, தாங்களே கண்டுபிடிச்சு கத்துக்கணும்னு இப்போ எல்லா பயிற்சியிலயும் சொல்றீங்க, எனக்கும் அதுல முழு நம்பிக்கை இருக்கு. ஆனா அதுக்கு வேண்டிய பொருள் எங்க இருந்து வருது, யாரு தேர்ந்தெடுக்கிறாங்க, எப்போ வருதுன்னு யாரும் பேசறதில்ல. கேள்வி வர்றதுக்கு முன்னாடியே பொருள் வந்து பீரோவுல உக்காந்துடுது. கேள்வி வந்ததும் பீரோவ தொறந்து பாத்தா அந்த கேள்விக்கு வேண்டியது மட்டும் உள்ள இருக்காது.

நடந்தத சொல்றேன். போன ஆடியில 7ஆம் வகுப்புல ஒரு பொண்ணு எந்திரிச்சு கேட்டா. "டீச்சர், எங்க அம்மாவுக்கும் பல்லு காவி, எனக்கும் காவி, சேலத்துல இருந்து வந்த எங்க அத்த பொண்ணுக்கு மட்டும் வெள்ளையா இருக்குது. நாங்க தெனமும் வெளக்குறோம், அவ தான் வெளக்காம திரியுறா. அப்புறம் எப்படி?" கிளாஸே திரும்பி அவள பாத்துச்சு, ஏன்னா பாதி புள்ளைங்க வாயில அதே கறை. நம்ம மாவட்டத்துல வேல பாக்குற எந்த டீச்சருக்கும் இதுக்கு பதில் தெரியும். நிலத்தடி தண்ணியில புளோரைடு, ரெண்டே நிமிஷத்துல சொல்லி முடிச்சிருக்கலாம், நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா இந்த மாதிரி கேள்வி புஸ்தகத்துல இருந்து வராது, அந்த பொண்ணோட சொந்த வாயில இருந்து வந்தது, அத ரெண்டு நிமிஷத்துல அடைக்க மனசு வரல.

போர்டுல ஒண்ணே ஒண்ணு எழுதினேன்: இத கண்டுபிடிக்க நமக்கு என்னென்ன வேணும்? பதில் மடமடன்னு வந்துச்சு. ஒருத்தன் எல்லா வீட்டு டூத்பேஸ்ட் அட்டையும் கொண்டு வரலாம்னான். ஒருத்தி எல்லா தெரு தண்ணியும் வேணும்னா. ஒருத்தன் பல் டாக்டர கூப்பிடலாம்னான். பின்னாடி பெஞ்சுல ஒரு பையன், வருஷம் முழுக்க வாயே தொறக்காதவன், "கெழவிங்கள கேக்கணும் டீச்சர், அவுங்க சின்ன வயசுல கெணத்து தண்ணி தான குடிச்சாங்க, போர் தண்ணி இல்லையே"ன்னான். எனக்கு அப்படியே சிலிர்த்துடுச்சு. எத தேடணும்னு யோசிக்கிறதே பாதி படிப்புங்க, நாம பொருள தயாரா கொண்டு போய் மேஜ மேல வெச்சா அந்த பாதிய அவுங்ககிட்ட இருந்து பிடுங்கிக்கிறோம்.

அதுக்கப்புறம் பீரோவ தொறந்தேன். சோதனைக் குழாய், லிட்மஸ் தாள், சுருள்வில் தராசு, மனித உடல் சார்ட், ஒரு மாதிரி எரிமலை இருந்துச்சு. எல்லாம் நல்ல பொருள் தான், குற வைக்கல. ஆனா இந்த கேள்விக்கு ஒண்ணும் ஆகல, அதனால ஊருக்குள்ள இறங்கினோம்.

ஆறு காலி தண்ணி பாட்டில நல்லா கழுவி, எந்த தெரு, எந்த குழா, எந்த தேதின்னு பேப்பர் ஒட்டி புள்ளைங்களே புடிச்சிட்டு வந்தாங்க. விஏஓ கிட்ட கேட்டப்போ கிராம வரைபடத்த ஒரு ஜெராக்ஸ் எடுத்து குடுத்தார், அதுல போர் இருக்கிற இடத்தையெல்லாம் சிவப்பு பேனாவுல புள்ளி வெச்சோம். அது சும்மா ஒரு காகிதம், ஆனா அந்த வருஷம் எங்க வகுப்புக்கு வந்த பொருள்லயே ரொம்ப உபயோகமானது அது தான், தன் வீடு எங்க இருக்குன்னு வரைபடத்துல தேடுறதுலயே புள்ளைங்க திசை, அளவு எல்லாம் படிச்சிட்டாங்க. அடுத்து டேங்க் ஆபரேட்டர் அண்ணன். எந்த கிழமை எந்த தெருவுக்கு எந்த தண்ணி விடுறாருன்னு அவருக்கு மனப்பாடம், அந்த தகவல் எந்த வெப்சைட்லயும் கிடையாது. மனுஷங்களயும் நாம வளம்னு எண்ணணும், ஆனா நம்ம படிவத்துல அதுக்கு கட்டம் இல்ல, 'உபகரணம்'னு போட்டு எண்ணிக்க மட்டும் கேக்குது.

இங்க நான் பண்ணின ஒரு தப்பையும் சொல்லணும், மத்த டீச்சருங்களுக்கு உதவும். தண்ணிய சோதிக்கணும்னதும் கை காசு போட்டு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன். நம்பர் வந்துச்சு, புள்ளைங்களுக்கும் குஷி. ஆனா அது தண்ணியில கரைஞ்சிருக்கிற எல்லா உப்பையும் மொத்தமா சேத்து காட்டும், அதுல புளோரைடு எவ்வளவுன்னு அதுக்கு தெரியாது. எங்க கேள்வி புளோரைடு பத்தினது. பளபளன்னு இருக்குது, நம்பர் காட்டுதுன்னு ஒரு கருவிய எடுத்துடக் கூடாது, நம்ம கேள்வியில இருக்கிற அந்த ஒண்ண இது அளக்குமான்னு முதல்ல பாக்கணும். அப்புறம் தான் ஊராட்சிக்கு குடுத்திருக்கிற தண்ணி பரிசோதனை பெட்டி ஞாபகம் வந்துச்சு. கேட்டு வாங்கி, மருந்து காலாவதி ஆகலையான்னு தேதி பாத்து, கையுற போட்டு, மருந்த நானே ஊத்தி, கலர மட்டும் புள்ளைங்கள பாக்க சொன்னேன். தண்ணி பிங்க்ல இருந்து மஞ்சளா போகப் போக புளோரைடு அதிகம், அட்டையில இருக்கிற கலரோட ஒப்பிடணும். நம்ம நாட்டு குடிநீர் தரத்துல லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் ஏத்துக்கலாம், வேற தண்ணியே இல்லன்னா 1.5 வரைக்கும் போகலாம்னு இருக்கு. எங்க பழைய போர் ரெண்டுலயும் அதுக்கு மேல தான் காட்டுச்சு, ஒகேனக்கல்ல இருந்து வர்ற காவிரி பைப் தண்ணி 1க்கு கீழ. பாட்டில் பாட்டிலா வரிசையா வெச்சு புள்ளைங்க அந்த கலர பாத்துட்டு அப்படியே அமைதியானாங்க.

அதோட கேள்வி முடிஞ்சிருக்கணும், ஆனா முடியல. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் ஜப்பான் கடன்ல, தருமபுரி கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் புளோரைடு பிரச்சனைக்காகவே போட்டது, 2008ல அடிக்கல் நாட்டி 2013ல தண்ணி விட்டாங்க. பழைய பேப்பர் செய்திய காட்டினதும் ஒருத்தன் விரல் விட்டு எண்ணிட்டு, "நாங்க பொறக்கும்போதே பைப் தண்ணி வந்துடுச்சே டீச்சர், அப்புறம் ஏன் எங்க பல்லு இப்படி?"ன்னான். எனக்கு அதுக்கு பதில் தெரியாது. உண்மையாவே தெரியாம நின்னேன். பதில கெழவிங்க தான் குடுத்தாங்க. பைப் தண்ணி சப்புன்னு இருக்குதாம், களி கிண்டவும் கொழம்பு வைக்கவும் போர் தண்ணி தான் ருசியாம், அதனால இன்னும் பல வீட்டுல அடுப்புக்கு போர் தண்ணி தான். டேங்க் அண்ணன் இன்னொண்ணு சொன்னார், பைப் தண்ணி பத்தாத நாள்ல போர் தண்ணியையும் அதே டேங்க்ல ஏத்துறாங்க. பல்லு உருவாகுற வயசு 8 வரைக்கும் தான், அந்த வயசுல உள்ள போன புளோரைடு தான் கறையா நிக்குது. கொதிக்க வெச்சாலும் போகாது, தண்ணி சுண்டி இன்னும் செறிவு தான் ஆகும். ஒரு பொண்ணு அன்னிக்கே வீட்டுக்கு போய் தம்பிக்கு கஞ்சி காய்ச்சுற தண்ணிய மாத்த வெச்சுட்டா, மறுநாள் அவ அம்மா வந்து என்கிட்ட கேட்டாங்க, பொண்ணு சொல்றது நெசமான்னு.

இதுல எந்த பொருளும் விலை உசந்தது இல்ல. ஆனா ஒவ்வொண்ணுத்துக்கும் அலைச்சல் இருக்கு, நேரம் இருக்கு, யாரையாவது கேக்கணும், சில சமயம் ரெண்டு தடவ மூணு தடவ கேக்கணும்.

படிக்கிறதுக்கு தமிழ்ல கிடைச்சது தான் ரொம்ப கம்மி. பெரியவங்களுக்கு எழுதின துண்டறிக்கை ஒண்ணு கிடைச்சுது, அதுல 'பற்சிதைவு', 'உட்கொள்ளல்', 'செறிவூட்டப்பட்ட'ன்னு வரிக்கு வரி முட்டுச்சு, 7ஆம் வகுப்பு புள்ள முதல் வரியிலயே நின்னுடுச்சு. ராத்திரி உக்காந்து அத ஒரு பக்கமா நானே எழுதினேன், பாறையில இருக்கிற தாதுவுல இருந்து புளோரைடு எப்படி கொஞ்சம் கொஞ்சமா தண்ணியில கரையுது, ஆழமா போர் போட்டா ஏன் அதிகமா வருதுன்னு. ஒரு பக்கத்துக்கு மூணு ராத்திரி ஆச்சு. நம்ம மாவட்டத்துல இந்த ஒரு விஷயத்துக்கு எத்தன டீச்சர் தனித்தனியா ராத்திரி உக்காந்து எழுதியிருப்பாங்க? ஒருத்தர் எழுதினது இன்னொருத்தர் கைக்கு போக வழியே இல்லையே.

போன்ல தேடினா வேற பிரச்சனை. ஒரு பையன் அப்பாவோட போன்ல பேசி தேடி ஒரு வீடியோ கொண்டு வந்தான். ஒருத்தர் குழா தண்ணியில ரெண்டு கம்பிய விட்டு கரண்ட் குடுத்ததும் தண்ணி சேறு மாதிரி பழுப்பாகுது, பக்கத்துல சுத்திகரிக்கிற மெஷின்ல புடிச்ச தண்ணி அப்படியே இருக்குது, பாருங்க உங்க தண்ணி எவ்வளவு விஷம், எங்க மெஷின் வாங்குங்கன்னு முடிக்கிறார். புள்ளைங்க அப்படியே நம்பிட்டாங்க. அத தடுக்காம அதையே பாடமாக்கினேன். யாரு சொல்றாங்க, எதுக்கு சொல்றாங்க, அவுங்க எத விக்கிறாங்கன்னு மூணு கேள்வி. அப்புறம் நாங்களே செஞ்சு பாத்தோம், வீட்டு கரண்ட்ல இல்ல, அத யாரும் செய்யவே கூடாது, 9 வோல்ட் பேட்டரியும் ரெண்டு இரும்பு ஆணியும் வெச்சு பொறுமையா. மெஷின் தண்ணி ரொம்ப நேரம் தெளிவாவே இருந்துச்சு, அதுல ஒரு சிட்டிக உப்பு போட்டதும் அதுவும் பழுப்பாச்சு. பழுப்பு தண்ணியில இருந்த அழுக்கு இல்ல, ஆணி கரைஞ்ச துரு, உப்பு இருந்தா மின்சாரம் நல்லா பாயுது அவ்வளவு தான். தப்பான தகவலும் சில நேரம் நல்ல வளம், ஆனா கூட ஒரு டீச்சர் நின்னு அத பிரிச்சு காட்டணும்.

இதே மாதிரி தான் சமூக அறிவியல் சாரும் ஒண்ணு செஞ்சார். கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில கிடைச்ச இரும்பு கி.மு. 2172ஆம் ஆண்டு காலத்ததுன்னு 2022 மே மாசம் சட்டசபையில அறிவிச்சாங்க, இந்தியாவுலயே பழசுன்னு நம்ம பக்கத்து மாவட்டத்துக்கு அவ்வளவு பெருமை. அப்புறம் 2025 ஜனவரியில தூத்துக்குடி மாவட்டம் சிவகளை இரும்புக்கு கி.மு. 3345ன்னு அறிவிப்பு வந்துச்சு. ரெண்டு செய்தியையும் தேதிய மறைச்சு புள்ளைங்ககிட்ட குடுத்து எது சரின்னு கேட்டிருக்கார். ஒரு மணி நேரம் சண்டை. ஒண்ணு பொய் ஒண்ணு நெசம்னு ஆரம்பிச்சு, ரெண்டும் அந்தந்த நேரத்துல கிடைச்ச ஆதாரத்துல சரி தான்னு வந்து நின்னாங்க. ஒரே பதில சொல்ற பத்து புஸ்தகத்த விட வேற வேற சொல்ற ரெண்டு துண்டு பேப்பர் மேல்னு அவர் சொல்லுவார், நானும் அப்படித்தான் நெனைக்கிறேன்.

நடுகல்லும் அப்படி. நம்ம ஊருங்கள்ல வேடியப்பன்னு கும்பிடுற கல்லு பலதும் பழைய நடுகல்லு தான், கையில வில்லோ வாளோ வெச்சு நிக்கிற வீரன் உருவம். கிராமத்துல அது சாமி, அத போய் 'கற்றல் வளம்'னு சொல்லிக்கிட்டு சாக்பீஸ் தேச்சு படிக்க முடியாது. ஊர் பெரியவங்ககிட்ட சொல்லி, செருப்ப கழட்டிட்டு, தொடாம நின்னு வரைஞ்சிட்டு வந்தாங்க. அப்புறம் தருமபுரி அகழ்வைப்பகத்துல இருக்கிற நடுகல்லுங்களோட ஒப்பிட்டு பாத்தாங்க. எத எடுக்கலாம், எத இருக்கிற இடத்துலயே விடணும்னு தெரிஞ்சுக்கிறதும் இதுல சேர்த்தி தான்.

இப்போ பீரோவுக்கு வர்றேன்.

நான் முன்ன வேல பாத்த ஒரு பள்ளியில, எந்த ஒன்றியம்னு வேண்டாம், ஒரு நல்ல லென்ஸ் செட்டு இருந்துச்சு. ஒரு நாள் ஒரு புள்ள கையில இருந்து விழுந்து ஒண்ணு ஒடஞ்சு போச்சு. ஸ்டாக் ரிஜிஸ்டர்ல 10ன்னு இருக்குது, பீரோவுல 9 இருக்குது, ஆடிட்ல என்ன சொல்றதுன்னு பயந்து அந்த டீச்சர் கை காசுல வாங்கி வெச்சாங்க. அன்னையில இருந்து அந்த பீரோவ யாரும் தொறக்கல. அஞ்சு வருஷம் லென்ஸ் மேல தூசி படிஞ்சது தான் மிச்சம், வெளிய புள்ளைங்க எறும்ப வெறும் கண்ணால பாத்துக்கிட்டு இருந்தாங்க. அந்த டீச்சர நான் குறை சொல்ல மாட்டேன், சம்பளத்துல புடிச்சுடுவாங்களோன்னு பயம் யாருக்கும் வரும். புள்ளைங்க கை பட்டா பொருள் ஒடையும், தேயும், தொலையும். ஒண்ணுமே ஒடையலன்னா அத யாரும் தொடலன்னு அர்த்தம். ஆனா நம்ம ரிஜிஸ்டர் தொடாத பள்ளிய நல்ல பள்ளின்னும் தொட்ட பள்ளிய தப்பு பண்ணின பள்ளின்னும் காட்டுது.

பில்லும் அதே கதை. சந்தையில வாங்குன 20 ரூவா கண்ணாடி ஜாடிக்கும் சைக்கிள் கடையில வாங்குன வால்வு டியூப்புக்கும் ஜிஎஸ்டி பில் கேட்டா எங்க போறது? பில் குடுக்கிற கடையில பில் குடுக்கிற பொருளத் தான் வாங்க முடியுது, அங்க சார்ட்டும் தெர்மோகோலும் தான் இருக்குது. இதுக்கும் ஸ்டேஷனரி கடையில 10 ரூவாய்க்கு விக்கிற 'ப்ராஜெக்ட் படம்' ஷீட்டுக்கும் சம்பந்தம் இருக்குதுங்க. காவிரி பத்தி ப்ராஜெக்ட்னா 30 புள்ளைங்களும் ஒரே ஷீட்ட வெட்டி ஒட்டுது, நம்ம புள்ளைங்க பாதி பேரு ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டுற குடும்பம், மீன் வறுக்கிற குடும்பம், அவுங்க வீட்டுல இருக்கிற காவிரிய யாரும் கேக்கல. பெத்தவங்களயும் கடைக்காரங்களயும் சொல்லி என்ன, நாங்க அப்படி கேட்டா அவுங்க அப்படித்தான் வாங்குவாங்க.

புதுசா ஒண்ணும் கேக்கலங்க. 1972ல மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாத் மாவட்டத்துல 16 நடுநிலைப் பள்ளியில ஆரம்பிச்ச அறிவியல் கல்வித் திட்டத்த நம்மள்ல பலரும் பயிற்சியில கேள்விப்பட்டிருப்போம், 2002 வரைக்கும் நடந்துச்சு. புள்ளைங்களே செஞ்சு பாத்து கத்துக்கிறது, கேள்விய சவாலிராம்ங்கிற கற்பனை ஆளுக்கு கடுதாசியா எழுதிப் போடுறது. அந்த திட்டத்துக்கு 1978ல வேலைக்கு ஒரு வருஷம் லீவ் போட்டுட்டு போன என்ஜினியர் அரவிந்த் குப்தா தான் சைக்கிள் வால்வு டியூப்பையும் தீக்குச்சியையும் வெச்சு வடிவங்கள் செய்ய ஆரம்பிச்சவர். சந்தையில கிடைக்கிற பொருள்லயே அறிவியல் இருக்குன்னு அன்னிக்கே செஞ்சு காட்டிட்டாங்க. நம்ம ஊர்லயும் 2007 வாக்குல செயல்வழிக் கற்றல் அட்டை எல்லா தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு, சின்ன புள்ளைங்க தரையில உக்காந்து தானே அட்டைய எடுத்து படிச்சத பாத்து நானே சந்தோஷப்பட்டிருக்கேன். ஆனா அட்டை எல்லா ஊருக்கும் ஒண்ணா தான் இருந்துச்சு, ஓசூர் பக்கம் தளியில இருக்கிற புள்ளைக்கும் நாகப்பட்டினத்து புள்ளைக்கும் அதே படம். பள்ளிக்கு பள்ளி வந்து அறிவியல் சோதனை செஞ்சு காட்டுற வானவில் மன்றம், 2022 நவம்பர்ல ஆரம்பிச்சது, அது வர்ற நாள்ல எங்க புள்ளைங்க வாசல்லயே நிக்கும், அவ்வளவு ஆச. அவுங்க செஞ்சு காட்டிட்டு போன மூணாம் நாள் தான் புள்ளைங்களுக்கு உண்மையான கேள்வி வருது, அப்போ கையில வேண்டியது எங்க இருந்து எடுக்கிறதுங்கிறது தான் என் கவல.

அதனால என்ன கேக்குறேன்னா, ஒவ்வொரு வட்டார வள மையத்துலயும் ஒரு அலமாரிய கடன் அலமாரியா மாத்துங்க. புது செலவு கூட வேண்டாம், பல பள்ளி பீரோவுல தூங்குறத எடுத்து சேத்தாலே நெறையும். லென்ஸ், நல்ல தராசு, வெப்பமானி, காகித மைக்ரோஸ்கோப் ஃபோல்ட்ஸ்கோப், தண்ணி பரிசோதனை பெட்டி, மழைமானி, கிராம வரைபடம், துளிர் மாதிரி சிறுவர் அறிவியல் பத்திரிகையோட பழைய இதழ்ங்க. ஒரு நோட்டுல கையெழுத்து போட்டு ரெண்டு வாரம் எடுத்துட்டு போறோம், திருப்பி வைக்கிறோம். ஒரு பள்ளிக்கு வருஷத்துல பத்து நாள் தேவப்படுற பொருள் எல்லா பள்ளிக்கும் ஒவ்வொண்ணு வாங்கி பூட்டி வைக்கிறத விட இது எவ்வளவோ மேல். ஒடஞ்சா 'பயன்பாட்டுல ஒடஞ்சது'ன்னு தலைமையாசிரியர் எழுதி கையெழுத்து போட்டா போதும்னு ஒரு சுற்றறிக்கை, அது ஒண்ணு வந்தாலே மாவட்டத்துல பாதி பீரோ தொறந்துடும்னு நான் உறுதியா சொல்றேன். பள்ளி மானியத்துல ஒரு சின்ன பங்க, எவ்வளவுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க, கைப்பட எழுதின சீட்டுக்கு வாங்கிக்க விடுங்க, பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல கணக்க வாசிச்சு காட்டிடுறோம், பெத்தவங்க தான் அதுக்கு நல்ல ஆடிட்டர்.

பக்கத்து பக்கத்து பள்ளி டீச்சருங்க சேர்ற குறுவள மைய கூட்டத்துலயும் ஒரு மணி நேரம் எங்களுக்கு விடுங்க. அந்த ஒரு மணி நேரம் பிபிடி வேண்டாம். ஒவ்வொரு டீச்சரும் ஒரு அட்டைப் பெட்டி கொண்டு வரட்டும், புள்ள கேட்ட கேள்வி மேல எழுதியிருக்கணும், அதுக்கு தேடி எடுத்தது உள்ள இருக்கணும், எது ஒத்து வரலன்னு ஒரு சீட்டும் இருக்கணும். ஒத்து வராதத சொல்றது ரொம்ப முக்கியங்க, நான் டிடிஎஸ் மீட்டருக்கு போட்ட காச இன்னொருத்தர் போட வேண்டாம். தேன்கனிக்கோட்டை பக்கம் வேல பாக்குற என் தோழி ஒருத்தி, அவ வகுப்புல வீட்டுல தெலுங்கு, கன்னடம் பேசுற புள்ளைங்க தான் அதிகம், அவ புள்ளைங்க வீட்டுல இருந்து கொண்டு வந்த ராகி, சாமை, கொள்ளு ஒவ்வொண்ணுத்துக்கும் மூணு பாஷையில பேரு எழுதி ஒரு பெட்டி செஞ்சிருக்கா. அத எங்க வட்டாரத்து டீச்சருங்க பாத்திருந்தா மலை மேல இருந்து வர்ற புள்ளைங்களுக்கும் அப்படி ஒண்ணு செஞ்சிருப்போம். அந்த பெட்டி அங்கயே இருக்குது, நான் போன்ல போட்டோ பாத்ததோட சரி.

பார்வைக்கு வரும்போதும் ஒண்ணு மட்டும் மாத்திக்கோங்க. சுவத்துல எத்தன சார்ட்னு எண்ண வேண்டாம். புள்ளைங்க கேள்வி எழுதுற நோட்டு எங்கன்னு கேளுங்க, அதுல ஏதாவது ஒரு கேள்விய காட்டி 'இதுக்கு என்ன தேடினீங்க'ன்னு புள்ளைங்ககிட்டயே கேளுங்க. வகுப்பு மூலையில கல்லு, விதை, குருவிக்கூடு, காலி பாட்டில் கிடந்தா குப்பைன்னு ஒதுக்கிடாதீங்க. அப்படி ஒரு தடவ ஒருத்தர் சொல்லிட்டு போன அடுத்த நிமிஷம் என் புள்ளைங்க ரெண்டு மாசம் சேத்த விதையெல்லாம் வாரி வெளிய கொட்டிட்டாங்க, நான் தடுக்கிறதுக்குள்ள.

இதெல்லாம் இப்போ எழுதுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. போன ஜூன்ல 6ஆம் வகுப்பு பையன் ஒரு மாங்கொட்டைய உடைச்சு எடுத்துட்டு வந்தான். உள்ள உயிரோட ஒரு வண்டு. பழத்துல எங்கயும் ஓட்ட இல்ல, அவனே நாலு பக்கமும் திருப்பி பாத்துட்டு தான் கடிச்சிருக்கான். உள்ள எப்படி போச்சுன்னு கேட்டான். இங்க பெங்களூரா மாங்காயும் நீலம் மாங்காயும் தின்னு வளர்ற எல்லா புள்ளைக்கும் தெரிஞ்ச அதிசயம் அது. மாங்கா பிஞ்சா இருக்கும்போதே வண்டு அதோட தோல்ல முட்ட வெச்சுடும், புழு சதைய தொளச்சு கொட்டைக்குள்ள போயிடும், காய் பெருக்க பெருக்க போன வழி மூடிக்கும்னு எனக்கு தெரியும். அவனுக்கு சொல்லல, பங்குனி வரட்டும்னேன். அவன் மறக்கல. இப்போ பங்குனி. மாங்கா கோலிகுண்டு சைஸ்ல இருந்து எலுமிச்சங்கா சைஸுக்கு போய்க்கிட்டு இருக்கு, உதிர்ந்த பிஞ்ச தெனமும் பொறுக்கிட்டு வர்றாங்க, தோப்புக்காரர்கிட்டயும் சொல்லி வெச்சாச்சு. வாரத்துக்கு ஒரு தடவ அறுத்து பாத்து வரைஞ்சு வைப்பாங்க, பள்ளி லீவுக்கு அப்புறம் ஜூன்ல 7ஆம் வகுப்புக்கு வந்ததும் கொட்டைய உடைச்சு மிச்சத்த பாப்பாங்க. கொட்டைக்கு கிருஷ்ணகிரி பக்கம் கூழ் பேக்டரியில கேட்டிருக்கேன், ஒரு மூட்ட தர்றேன்னாங்க. கொட்ட இறுகிட்டா இந்த வருஷம் போச்சு, அடுத்த பங்குனி வரைக்கும் காத்திருக்கணும். அந்த முட்டை வெறும் கண்ணுக்கு சரியா தெரியாது.

எனக்கு உடனே வேண்டியது பத்து லென்ஸும், இருந்தா ஒரு ஃபோல்ட்ஸ்கோப்பும், மூணு வாரத்துக்கு. வள மையத்துலயோ பக்கத்து பள்ளி பீரோவுலயோ எங்க இருந்தாலும் சொல்லி அனுப்புங்க. வெள்ளிக்கிழம பள்ளி விட்டதும் நானே வந்து வாங்கிக்கிறேன், நோட்டுல கையெழுத்தும் போட்டு தர்றேன்.

இப்படிக்கு,
பென்னாகரம் வட்டாரத்து அறிவியல் டீச்சர்